அடக்கத்தில் அழுத மாப்பிள்ளை

சாவு வீட்டில் அழுகிறவர்களில் பாதிப் பேர் செத்தவருக்காக அழுவதில்லை. சிலர் பழைய சாவு ஒன்றை நினைத்து அழுகிறார்கள். சிலர் தங்கள் முறை நெருங்குவதை நினைத்து அழுகிறார்கள். ஆனால் பங்குச் சந்தை விழுந்ததற்காக, திறந்த குழியின் ஓரத்தில் முழங்காலிட்டு, ஊர் பார்க்க அழுதவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

என் பெயர் பெனடிக்ட். பென்னி என்பார்கள். ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். இது நடந்தபோது எனக்கு முப்பத்து மூன்று வயது (ஏசுநாதர் வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிய வயது; நான் அப்போதுதான் ஆரம்பித்தேன்). பெங்களூர் கோரமங்கலாவில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் எழுதிய மென்பொருளில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கண் வீட்டுக்கு வந்ததும் அவிந்துவிடும் என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மனைவி ஸ்டெல்லா காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிறந்து வளர்ந்ததும் காக்ஸ் டவுன்தான். குடியிருந்தது ஈஜிபுராவில், ஒரு மாடி வீட்டில், லீசுக்கு. பெங்களூரில் இந்த லீஸ் ஏற்பாடு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு பெரிய தொகையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் குடியேற வேண்டும். காலி செய்யும்போது அதே தொகை திரும்பி வரும். எங்கள் லீஸ் பணம் என்பது கல்யாணத்துக்கு வந்த மொய், ஸ்டெல்லாவின் அப்பா கண் மூடுவதற்கு முன் கொடுத்தது, ஸ்டெல்லா சீட்டுப் போட்டு எடுத்தது, என் போனஸ் எல்லாம் சேர்ந்தது. சுருக்கமாக, எங்களிடம் இருந்ததெல்லாம் அதுதான்.

அந்த வருடம் வீட்டுக்காரர் கட்டடத்தை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போவதாகச் சொன்னார். "உங்களுக்கு வேற வீடு பாக்கணும்ல சார்" என்று லீஸ் பணத்தை முன்கூட்டியே கணக்கில் போட்டுவிட்டார். தங்கமான மனிதர். அவர் மட்டும் கொஞ்சம் அயோக்கியராக இருந்து பணத்தை இழுத்தடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

ஸ்டெல்லா ஒரே வாரத்தில் வீடு பிடித்துவிட்டாள். காக்ஸ் டவுனில், அவள் பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில், முன்னால் ஒரு கொய்யா மரத்தோடு. அதுவும் லீஸ்தான். கொஞ்சம் முன்பணம் கொடுத்தாயிற்று. மாதக் கடைசியில் மீதியைக் கொடுத்துச் சாவி வாங்க வேண்டும். அதுவரை பணம் என் கணக்கில் சும்மா இருந்தது.

'சும்மா இருந்தது' என்று எனக்குத் தோன்றியதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

ஆபீசில் பக்கத்து இருக்கை மஞ்சு. மண்டியாக்காரன். நாங்கள் பேசுவது பாதித் தமிழ், பாதிக் கன்னடம். அவன்தான் எனக்கு விலைப் படங்களைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தான். ஒரு பங்கின் விலை ஏறி இறங்குவதைத் திரையில் கோடாகவோ, மெழுகுவர்த்தி மெழுகுவர்த்தியாகவோ காட்டுவார்கள். அதில் சில வடிவங்கள் திரும்பத் திரும்ப வரும் என்பதும், எந்த வடிவம் வந்தால் அடுத்து விலை ஏறும், எது வந்தால் இறங்கும் என்று முன்பே சொல்லிவிடலாம் என்பதும் சாஸ்திரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கொடி, முக்கோணம், கைப்பிடி வைத்த கோப்பை, இரட்டை மலை.

"பாஸ், மனுஷன் சுள்ளு ஹேள்தானெ. சார்ட் சுள்ளு ஹேளல்ல" என்பான் மஞ்சு. மனுஷன் பொய் சொல்வான், படம் சொல்லாது என்று அர்த்தம்.

லீஸ் பணம் வருவதற்கு முன்பு மூன்று மாதம் பணம் போடாமல் வெறுமனே பார்த்தேன். மனதுக்குள் வாங்கி மனதுக்குள் விற்றேன். அந்த வகையில் நான் சம்பாதித்த தொகைக்கு காக்ஸ் டவுனில் வீடு என்ன, தெருவையே வாங்கியிருக்கலாம். (மனதுக்குள் தோற்றவை எதுவும் நினைவில் தங்கவில்லை. மனசு அந்த விஷயத்தில் ரொம்பத் தங்கமானது.) போகப் போக எங்கே பார்த்தாலும் வடிவம்தான். எங்கள் பேட்டையில் வருடக்கணக்காக முடியாமல் நிற்கும் மேம்பாலத்தின் தூண்கள், பஸ்சிலிருந்து பார்த்தால், ஏறப்போகும் மெழுகுவர்த்திகளாகத் தெரிந்தன. ஒருநாள் சாப்பிடும்போது குழம்புக் கரண்டியைத் தூக்கிப் பிடித்து, "இது கண்டிப்பா ஏறும்" என்றேன்.

"எது?" என்றாள் ஸ்டெல்லா.

"ஒண்ணுமில்ல."

லீஸ் பணம் வந்த மறுநாள் அதில் கொஞ்சமாகக் கிள்ளிப் போட்டேன். முக்கோணம். அது சாஸ்திரப்படி உடைந்து மேலே போனது. அன்று சாயங்காலம் ஸ்டெல்லாவுக்கு நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்கிப் போனேன். இன்சென்டிவ் வந்தது என்றேன். அடுத்தது இன்னும் கொஞ்சம் அதிகம். அதுவும் வந்தது. மூன்றாவது வரவில்லை. நான்காவது வரவே இல்லை. இரண்டு வாரத்தில் லீஸ் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது.

அதற்குப் பிறகு நான் லாபத்துக்காக ஆடவில்லை. போனதை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். இந்த முடிவை எடுத்தவர்கள்தான் மீதியையும் விடுகிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அது வந்தது. வங்கிப் பங்குகளின் குறியீட்டு எண்ணில் 'தலைகீழ்த் தலையும் தோளும்'. விலை ஒருமுறை இறங்கி ஏறும். பிறகு இன்னும் ஆழமாக இறங்கி ஏறும். மறுபடி கொஞ்சமாக இறங்கி ஏறும். பார்ப்பதற்கு ஒரு ஆள் சிரசாசனம் செய்வது போல நடுவில் தலை, இரண்டு பக்கமும் தோள். மேலே இரண்டு முனைகளைச் சேர்த்து இழுத்தால் அது கழுத்துக்கோடு. அந்தக் கோட்டை விலை மேல்நோக்கித் தாண்டிவிட்டால் அப்புறம் பிடிக்கவே முடியாது என்பது வேதவாக்கு.

மஞ்சு திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "பாஸ், புக்கல்லி இர்ற மாதிரி இதெ." புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கிறதாம்.

கோட்டைத் தாண்டினால் மறுநாள் காலை வாங்குவது என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் வியாழன். ஆப்ஷனுக்குக் கெடு நாள். ஆப்ஷன் என்றால், இன்ன நேரத்துக்குள் விலை இன்ன இடத்தைத் தாண்டும் என்று பணம் கட்டுவது. தாண்டினால் கட்டியது பல மடங்கு. தாண்டாவிட்டால் கட்டியது காற்று.

அன்று சாயங்காலம் அந்தோணி பெரியப்பா இறந்துபோனார்.

ஸ்டெல்லாவின் அப்பாவுக்கு அண்ணன். தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். காக்ஸ் டவுனில் பழைய ஓட்டு வீடு, பெரியம்மா ரோசலின், ஆஸ்திரேலியாவில் ஒரே மகன். என் கல்யாணத்துக்குப் பிறகு அவரை நான் நான்கைந்து தடவைதான் பார்த்திருப்பேன். அதில் ஒரு தடவை, என் ஸ்கூட்டரிலிருந்து எண்ணெய் ஒழுகி அவர் வாசல் கறையாகிறது என்று வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வரச் சொன்னார். ஒரு மாதம் வீட்டில் அவரைத் திட்டினேன். எங்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை கோவிலில் பூசை. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, துக்கமான முகத்தோடு வாசலில் ஒரு தூண் மறைவில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பாட்டுக் குழு ஆரம்பித்தது. அதே நேரத்தில் விலை கழுத்துக்கோட்டைத் தாண்டியது. புத்தகத்தில் போட்ட மாதிரி தாண்டியது. மிச்சமிருந்த லீஸ் பணத்தைக் கிட்டத்தட்ட முழுசாகப் போட்டேன். குறிப்பிட்ட விலைகளில் போன் அதிரும்படி மேலே மூன்று, கீழே மூன்று என்று குறி வைத்தேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியில் விரல் நனைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

பூசை முழுக்க போன் அசையவில்லை. சாமியார் பெரியப்பாவின் எளிமையைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் பேசினார். நான் கண்ணை மூடிக்கொண்டு காக்ஸ் டவுன் வீட்டுக்குப் புது சோபா வாங்கிக்கொண்டிருந்தேன்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டி நின்றது. அங்கிருந்து குழிவரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தூக்க வந்தவர்களில் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஸ்டெல்லாவின் அண்ணன் வின்சென்ட் என்னைப் பார்த்தார்.

"மாப்ள, ஒரு தோள் குடுங்க."

கொடுத்தேன். பெட்டி இடது தோளில். போன் இடது பக்கப் பையில், பெட்டிக்கு நேர் கீழே. இரண்டு கையும் பெட்டியில். பத்தடி நடந்திருப்போம், போன் அதிர்ந்தது.

என் முதல் குறி தொட்டாயிற்று. மேலேயா கீழேயா என்று பார்க்க வழியில்லை. ஆனால் கழுத்துக்கோடு உடைந்த விலை எங்கே போகும்? மேலேதான். கொஞ்ச தூரத்தில் இரண்டாவது தடவை அதிர்ந்தது. போனதெல்லாம் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். குழி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மூன்றாவது. பணம் இரண்டு மடங்காகிவிட்டது. பெட்டியின் கனமே தெரியவில்லை. பெரியப்பா மேல் முதன்முதலாக எனக்கு ஒரு பிரியம் வந்தது. ராசியான மனிதர் என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து வின்சென்ட் மெதுவாகச் சொன்னார்: "மாப்ள, மூஞ்சிய கொஞ்சம் மாத்துங்க. வீடியோ ஓடுது."

அப்போதுதான் நான் சிரித்துக்கொண்டே சவப்பெட்டி தூக்குகிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. எதிரே ஒரு பையன் போனை உயர்த்திப் பிடித்தபடி பின்னோக்கி நடந்துகொண்டிருந்தான். ஆஸ்திரேலியாவில் மகன் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை இறக்கினோம். சாமியார் ஜெபித்தார். ஒவ்வொருவராக மண் போடச் சொன்னார்கள். என் முறை வந்தபோது வலது கையில் மண்ணை அள்ளிக்கொண்டு, இடது கையால் போனை எடுத்தேன். ஒரு நொடி பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடலாம் என்றுதான்.

மூன்று குறியும் கீழே.

கழுத்துக்கோட்டை ஒரு அரைமணி நேரம் தாண்டி நின்றுவிட்டு விலை திரும்பியிருந்தது. வலது தோளைக் கடந்து, தலையைக் கடந்து, படத்தில் இடமில்லாத ஆழத்துக்குப் போயிருந்தது. நான் கட்டியதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மிச்சம். அதுவும் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. அதையாவது விற்றுவிடலாம் என்று வலது கைக் கட்டைவிரலால் அழுத்தினேன். கையெல்லாம் ஈர மண். திரை விரலை ஏற்கவில்லை. மறுபடி அழுத்தினேன். சட்டையில் துடைத்துவிட்டு அழுத்தினேன். திரை முழுக்கச் சேறானது. கால் மடங்கி முழங்காலிட்டேன். பிறகு நான் பேசியது எல்லாம் வீடியோவில் இருக்கிறது.

"இப்படிப் பண்ணிட்டியே. கடைசி நேரத்துல இப்படிக் கை விட்டுட்டியே. உன்ன நம்பித்தானே இருந்தேன். இனிமே நான் எங்க போவேன்."

சாமியார் ஜெபத்தை நிறுத்திவிட்டார். அதுவரை மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாய்விட்டு அழ ஆரம்பித்தார்கள். எனக்குப் பின்னால் யாரோ ஒரு அம்மா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"போன்ல அவரு போட்டோவப் பாத்துப் பாத்து அழுவுது பாரு அந்தப் புள்ள. துடைச்சுத் துடைச்சுப் பாக்குது."

வின்சென்ட் என் தோளைப் பிடித்துத் தூக்கினார். பெரியம்மா அருகில் வந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்தார். வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் முன்னால் எனக்குக் காபி கொடுத்தார்கள். அந்தக் காபியை நான் குடித்தேன். குடிக்க முடிந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

திரும்பும்போது ஆட்டோவில் ஸ்டெல்லா கேட்டாள். "பெரியப்பாவ உங்களுக்கு அவ்ளோ பிடிக்குமா?"

"உள்ளுக்குள்ள பாசம்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈஜிபுரா வரும்வரை விடவில்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் என்னை அவ்வளவு மரியாதையாகப் பார்த்தது அந்த ஆட்டோவில்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் புது வீட்டுக்குப் போய் ஜன்னல்களை அளந்துவிட்டு, திரைச்சீலைக்குப் பச்சைத் துணியும் எடுத்துக்கொண்டு வந்தாள். கட்டிலில் துணியை விரித்து, "இந்தப் பச்சை கொய்யா மரத்துக்குச் சேரும்ல?" என்றாள். அப்போது சொன்னேன். முக்கோணத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். நடுவில் கழுத்துக்கோட்டை அவளுக்கு விளக்கக்கூட முயன்றேன். துணி மேல் விரலால் வரைந்து காட்டினேன்.

அவள் கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ அன்னிக்கு அழுதது?"

நான் துணி மேலிருந்து விரலை எடுத்தேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பற்றி எழுத எனக்குத் தமிழ் போதாது. சிரித்து முடித்துவிட்டு, பச்சைத் துணியை மடித்து, கடைக் கவரிலேயே போட்டாள். மறுநாள் கொய்யா மர வீட்டுக்காரருக்கு அவளே போன் செய்து வேண்டாம் என்று சொன்னாள். முன்பணம் திரும்பி வரவில்லை. என்னிடம் இரண்டு வாரம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேஜையில் இருக்கும். அந்த வாரம் ஆபீசில் மஞ்சுவிடம், "நீ எவ்ளோ போட்டிருந்தே?" என்று கேட்டேன். "நானா?" என்று உண்மையாகவே பயந்தான். "நன் ஹெண்டத்தி சாய்ஸ்பிட்தாளே பாஸ்." என் பெண்டாட்டி கொன்றுவிடுவாள் என்றான். அவன் அதுவரை ஒரு ரூபாய் போட்டதில்லை. வெறுமனே படம் பார்ப்பவன்.

ஈஜிபுரா வீட்டில் கெடு முடிந்தது. மற்ற குடித்தனங்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். தண்ணீர் மோட்டாரைக் கழற்றிவிட்டார்கள். கீழேயிருந்து குடத்தில் தண்ணீர் தூக்கினோம். ஸ்டெல்லா முன்னால், நான் பின்னால், பேசாமல். இரவில் பக்கத்துச் சுவர்களை இடித்தார்கள். எங்கள் சுவரில் மாட்டியிருந்த திரு இருதயப் படம் ஒவ்வொரு அடிக்கும் ஆடியது. வாடகைக்குப் போகவே பத்து மாத அட்வான்ஸ் கேட்ட ஊரில் எங்களிடம் ஒரு மாதத்துக்குத்தான் இருந்தது. ஒருநாள் மூன்றாவது நடை தண்ணீர் தூக்கும்போது அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். குடம் சாய்ந்து தண்ணீர் படி படியாக இறங்கி ஓடியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு, "எங்க அப்பா குடுத்த காசுங்க அது" என்றாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. இதில் வேடிக்கை எதுவும் இல்லை. சொல்லாமல் விடக்கூடாது என்று சொல்கிறேன்.

பெரியப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது பெரியம்மா சத்தமாகச் சொன்னார்.

"பின்னால போர்ஷன் சும்மாதான் கெடக்குது. பென்னியும் ஸ்டெல்லாவும் வந்து இருக்கட்டும். அட்வான்ஸ் எல்லாம் வேணாம், வாடகை குடுத்தா போதும். என் வீட்டுக்காரருக்காக மண்ணுல விழுந்து அழுத ஆளு இவரு ஒருத்தர்தான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். வின்சென்ட் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஸ்டெல்லா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லியிருந்தால் அன்று இரவு படுக்க இடமில்லை என்பதும் உண்மை.

போனோம். அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் பட்டதை எந்தச் சந்தையும் எனக்குச் செய்யவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் பெரியம்மா கையில் சாமந்திப் பூவோடு நிற்பார். "வாங்க மாப்ள, உங்க பெரியப்பாவப் பாத்துட்டு வரலாம்." கல்லறையில் பூ வைத்துவிட்டு, "நான் அந்தப் பக்கம் நிக்கிறேன். நீங்க அவருகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க. உங்களுக்கு ஆயிரம் இருக்கும்" என்று தள்ளிப் போய்விடுவார். நான் கல்லைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பேன். (முதல் சில வாரம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன்.) வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி அறிமுகம் செய்வார். "இவருதான் அழுதவரு." கிறிஸ்துமசுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மகன் என்னைக் கட்டிப்பிடித்து, "நான் செய்ய வேண்டியத நீங்க செஞ்சீங்க" என்று கண் கலங்கினார். எனக்கு ஒரு ஷூ கொண்டுவந்திருந்தார். அதைப் போட்டால் கால் சுட்டது.

முதல் வருட நினைவுப் பூசை வந்தது. முந்தின நாள் பெரியம்மா சொன்னார், "நாளைக்குக் கோவில்ல நீங்கதான் அவரப் பத்திப் பேசணும் மாப்ள. சாமியார்ட்ட சொல்லிட்டேன். அஞ்சு நிமிஷம்."

அன்று சாயங்காலம் சமையலறைக்குப் போனேன். பெரியம்மா மணை போட்டு உட்கார்ந்து மத்தி கழுவிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அடுப்புப் பக்கம் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் பெரியப்பாவுக்காக அழல."

அவர் நிமிரவில்லை. ஒரு மீனின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து வைத்தார்.

"தெரியும்" என்றார்.

"எது?"

"எவ்ளோ போச்சுன்னு தெரியாது. போச்சுன்னு தெரியும்."

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவளும் திடுக்கிட்டுத்தான் நின்றாள். அவள் சொல்லியிருக்கவில்லை.

"உங்க பெரியப்பா வாரா வாரம் ரேஸ் கோர்சுக்குப் போவாரு" என்றார் பெரியம்மா. "சாமியாருக்குத் தெரியாது. எங்க பையனுக்கே தெரியாது. குதிரை தோத்துட்டு அந்தக் கேட்டத் தொறந்துகிட்டு உள்ள வர்ற மூஞ்சிய நான் முப்பது வருஷம் பாத்திருக்கேன். குழிக்கிட்ட உன்னப் பாத்தேன். அதே மூஞ்சி. சாவுக்கு அழுற மூஞ்சி அப்படி இருக்காது."

மரியாதை போய் 'நீ' வந்துவிட்டதைக் கவனித்தேன். அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

"அப்புறம் ஏன் வீடு குடுத்தீங்க?"

"உனக்கா குடுத்தேன்? ஸ்டெல்லாவுக்குக் குடுத்தேன். கல்யாணமான புதுசுல இந்த மனுஷன் அட்வான்ஸ் காசக் கொண்டுபோய் ஒரு குதிரை மேல கட்டிட்டு வந்தாரு. வீட்டுக்காரன் சாமானத் தெருவுல வெச்சான். மழை. கைல பையன். யாரும் வாடின்னு சொல்லல." அடுத்த மீனை எடுத்தார். "அவ ஏன் நிக்கணும்."

ஸ்டெல்லா வெங்காயத்தை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சரி பெரியம்மா. எல்லாம் தெரிஞ்சும் ஏன் வாரா வாரம் என்னக் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போனீங்க? வர்றவங்க கிட்ட எல்லாம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"சும்னே" என்றார். சும்மா என்பதற்கு பெங்களூர்ச் சொல். "அவரும் போயிட்டாரு. எனக்கும் பொழுது போகணும்ல."

மறுநாள் கோவிலில் நான் பேசினேன். எளிமை, நேர்மை என்று சாமியார் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். முன்வரிசையில் பெரியம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர் தோளை அணைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மெல்ல மெல்ல விஷயம் குடும்பத்துக்குள் கசிந்தது. கசியவிட்டது பெரியம்மாதான், குதிரைக் கதையை மட்டும் விட்டுவிட்டு. வின்சென்ட் ஆறு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அந்த வீடியோவைத் தேடி எடுத்து, நான் சிரித்துக்கொண்டே பெட்டி தூக்கும் இடத்தைத் தனியாக வெட்டி, குடும்பத்தார் எல்லாருக்கும் அனுப்பினார். இப்போது எங்கள் பக்கம் எந்தச் சாவு விழுந்தாலும் முதலில் எனக்குத்தான் போன் வருகிறது. "மாப்ள, இன்னிக்கு மார்க்கெட் இருக்குதா, லீவா?" சனி, ஞாயிறில் போகிறவர்களுக்குத்தான் என் அழுகை நம்பகமானது என்பது குடும்பத்தில் முடிவாகிவிட்டது. நான் சந்தைப் பக்கம் தலை வைத்துப் படுத்து வருடங்களாகிவிட்டன, சம்பளம் நேராக ஸ்டெல்லா கணக்குக்குப் போகிறது என்று எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. நாங்கள் இன்னும் அதே பின் போர்ஷனில்தான் இருக்கிறோம். பெரியம்மா ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வாடகையை ஏற்றுகிறார்.

போன மழைக்காலத்தில் பெரியம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் டாக்டர் வெளியே கூப்பிட்டு, வயதாகிவிட்டது, எதற்கும் மகனுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். ஸ்டெல்லா போன் செய்யப் போனாள். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூக்கில் ஆக்சிஜன் மாஸ்க்கும் கையில் ஊசியுமாக, பாதியாக இளைத்துக் கிடந்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

பெரியம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முகத்தை நிதானமாக, ஓரம் ஓரமாகப் பார்த்தார். மாஸ்க்கைக் கொஞ்சம் தள்ளிவிட்டு,

"இன்னிக்கு என்ன கிழமை?" என்றார்.

"செவ்வாய் பெரியம்மா."

"அப்போ இன்னிக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு, மறுபக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினார்.